ஓடாத டிவிடி

"இது ஓடாது சார். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் ஓடாது" என்றான் வில்மெர், கையிலிருந்த டிவிடியைத் துணியால் துடைத்தபடி. துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லை.

எதிரே நின்ற மனிதர் நகர்வதாக இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கக்கத்தில் ஒரு ஃபைல். கல்செத்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே திருட்டு டிவிடி வாங்க யாரும் இப்படி உடுத்திக்கொண்டு வருவதில்லை.

"ஏன் ஓடாது?"

"ஸ்பெயின்ல அடிச்சது சார். கம்பெனிக்காரன் உலகத்தையே துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு நம்பர் குடுத்து வெச்சிருக்கான். அவங்களுக்கு ரெண்டு, கடலுக்கு இந்தப் பக்கம் நமக்கு நாலு. ரெண்டாம் நம்பரை நம்ம ஊர்ப் பெட்டியில போட்டா வாயே திறக்காது. காப்பியும் எடுக்க முடியாது."

சொன்னதில் முக்கால்வாசி உண்மை. கடைசி வாக்கியம் மட்டும் பச்சைப் பொய்.

நாலு நாளைக்கு முன்னால் இதே மனிதர் வந்து, எங்கே போட்டாலும் ஓடவில்லை, என்னவென்று பாருங்கள் என்று இந்த டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வில்மெருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தன்னை ஒரு டிவிடி ஜெயித்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவனுக்கு வீம்பு. கம்ப்யூட்டர் டிரைவில் அந்த நம்பரை ஐந்து தடவைதான் மாற்றலாம். அதற்கப்புறம் மாறவே மாறாது. நாலு தடவையை அவன் எப்போதோ தீர்த்துவிட்டிருந்தான். மிச்சமிருந்த ஒன்றையும் இதற்காகச் செலவழித்தான். பூட்டு திறந்துகொண்டது.

படம் ஒரு மாட்டுத் திருடனைப் பற்றியது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள், அப்படியே திட்டினார்கள். தன் பேச்சை ஒரு படத்தில் வில்மெர் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்து காப்பி போட்டான், மதியத்துக்குள் தீர்ந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான்.

நேற்று துறைமுக ஊரான மாந்தாவிலிருந்து அவன் அத்தை மகன் போன் செய்து அழுதான். மஃப்டியில் அதிகாரிகள் வருகிறார்களாம். முதலில் ஒரு டிவிடியைக் கொடுத்துக் காப்பி எடுக்கச் சொல்கிறார்களாம். எடுத்துவிட்டால் அவ்வளவுதான், கடையையே லாரியில் ஏற்றிவிடுகிறார்களாம். அவன் கடை போயே போய்விட்டது. கேட்டதிலிருந்து வில்மெருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு மாதம் ஏழு, எல்லோருக்கும் இந்தக் கடை ஒன்றுதான். இந்த லட்சணத்தில் மிச்சக் காப்பிகள் காலடியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன. அதன் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

"சரிங்க, ஒருவேளை காப்பி எடுக்க முடிஞ்சா எத்தனை போடுவீங்க?" என்றார் அவர்.

"நான் எதுக்கு சார் போடறேன்? நான் உண்டு, என் பழைய பாட்டு உண்டு."

அவன் முதுகுக்குப் பின்னால், இன்னும் தியேட்டருக்கே வராத படங்கள்கூட வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றை ஒன்றுவிடாமல் பார்த்தார். போட்டால் ஜனங்கள் வாங்குவார்களா, வெளியூருக்கும் அனுப்புவதுண்டா என்று குடைந்தார். இந்தத் தெருவில் இன்னும் ஆறு கடையில் இதேபோல் ஒன்று கொடுத்துப் பார்த்ததாகவும், எல்லோரும் முடியாது என்று கையை விரித்துவிட்டதாகவும் சொன்னார். மற்ற ஆறு பேரும் பிழைக்கத் தெரிந்தவர்கள், நான் ஒருத்தன்தான் முட்டாள் என்று வில்மெர் தன்னையே நொந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தள்ளுவண்டியில் மீன் வைத்த வாழைக்காய் உருண்டை விற்கும் யாதிரா, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"வில்மெர், அந்த மாட்டுத் திருடன் படம் இன்னொண்ணு குடுப்பா. என்னோடதை நாத்தனா தூக்கிட்டுப் போயிட்டா. கேட்டா பொம்மை மாதிரி முழிக்கறா."

வில்மெர் கண்ணைக் காட்டினான்.

"என்னடா, கண்ணுல எதாவது விழுந்துடுச்சா? அதோ, காலுக்குக் கீழ பெட்டியிலதானே வெச்சிருக்கே."

அவர் குனிந்தார். பெட்டியை இழுத்துத் திறந்து ஒரு காப்பியை வெளியே எடுத்தார். மேலே மார்க்கர் பேனாவில் படத்தின் பெயர், வில்மெரின் கோணல் கையெழுத்தில். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பொய் சொல்லிட்டேன் சார். பிள்ளைகுட்டிக்காரன். நூத்திப்பத்து போட்டேன், எண்பது வித்துட்டேன். மிச்சத்தை உங்க கண்ணு முன்னாலயே உடைச்சிடறேன். கடையை மட்டும் விட்டுடுங்க."

அவர் மெல்ல அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"எண்பதா?"

"ஆமா சார்."

"எண்பது வீட்டுல பார்த்திருக்காங்களா?"

வில்மெர் தலையை ஆட்டினான்.

"உடைக்காதீங்க. பதினாலு மாட்டை வித்து நான் எடுத்த படம்ங்க இது. மாட்ரிட்ல இருக்கிற மச்சான் அடிச்சு அனுப்பினான், என் சொந்த வீட்டுலகூட ஓடலை. நான்தான் எடுத்தேன்னு சொன்னா சிரிப்பீங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றவர், யாதிராவின் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசியில அழுதீங்களாம்மா?"