சுந்தரதாஸின் ஊசிப் படம்

“ஒரேயொரு ஊசியைக் காட்டி ஒரு ஆஸ்பத்திரியையே இடிஞ்சி விழ வச்சவனாக்கும் நான்!”

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் எஸ்டிடி பூத்தை ஒட்டிய ஸ்டுடியோவில் நான் இப்படி முழங்கியதும், “புளு, பச்சைப் புளுகு” என்றான் பொன்னுதாஸ்.

ஸ்டுடியோக்காரன் சுந்தரதாஸ் நாய்க்கடி ஊசிகளைப் படமெடுத்து, கதவு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தான். சுகாதார நிலையத்தில் மாட்டவாம். பார்க்கிறவர்கள் பயம் தெளிந்து ஊசி போட வருவார்களாம். அபிப்பிராயம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தான். ஆஸ்பத்திரி அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா நான்!

தட்டு நிறைய ஊசிகள். ஒவ்வொன்றும் வேல்கம்பு நீளம். ஒன்றின் நுனியில் ஒரு துளி வேறு தொங்கியது.

“எலே மக்கா, இதைப் பாத்தா கடிச்ச பட்டியே மாப்பு கேட்டுட்டு ஓடிரும்” என்றேன்.

அதற்குள் படம் ஒருத்தியைப் பிடித்துவிட்டது. பொன்னுதாஸின் மனைவி ஜெஸி.

காலையில் அவள் கெண்டைக்காலைக் கடித்த நாய், மத்தியானம் நுரை தள்ளிச் செத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வாசலில் சாய்த்திருந்த படத்தைக் கண்டாள். தூணைக் கட்டிப்பிடித்தவள்தான்.

“செத்தாலும் சாவேன், வயித்துல குத்த விடமாட்டேன்!”

சுமட்டுத் தொழிலாளர் யூனியனில் ஆளை அடித்தே பேரெடுத்த பொன்னுதாஸ், செய்வதறியாமல் நின்றான்.

நான் கதையைத் தொடர்ந்தேன்.

நான் ஊசியைக் காட்டிய ஆளும் நாய்க்கடியோடு வந்தவன்தான். பீரோ மாதிரி உடம்பு. ஊசியைக் கண்டதும் சலைன் கம்பியைப் பிடுங்கிச் சுழற்றினான். ஜன்னல் கண்ணாடி மழையாகக் கொட்டியது. டாக்டர் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பிடிக்கப் போன நாலு பேரையும் தூக்கி எறிந்தான். ஒருவன் கேரளத்தில் கிளம்பித் தமிழ்நாட்டில் போய் விழுந்தான். என் முன்பல் இரண்டும் தெறித்தன. சுவரெல்லாம் ரத்தம். பாதி என்னுடையது.

“புளு, புளு!” என்றான் பொன்னுதாஸ், சத்தமாக.

வாயில் ரத்தம் ஒழுக, ஊசியை அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு துளி சொட்டியது.

அவ்வளவுதான். வெட்டிய தென்னை மாதிரி, மேசை விளிம்பில் முகம் மோதி விழுந்தான். வயிற்றில் ஊசி ஏறியது அவனுக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் விழித்திருந்து போட்டுக்கொண்டவன், ‘இதுக்கா இந்தப் பாடு?’ என்று வெட்கப்பட்டான். இன்றைக்கும் கல்லாட்டம் இருக்கிறான்.

ஜெஸி தூணை விடவில்லை.

“அப்படி ஒரு ஆளு உண்டுன்னா காட்டுங்க அண்ணாச்சி. இப்பமே ஊசிக்கு வாறேன்.”

நான் பொக்கை வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பொன்னுதாஸ் படத்தைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். பிறகு தன் இடது புருவத்தைத் தடவினான்.

அங்கே நீளமாக ஒரு தழும்பு. களியக்காவிளைச் சண்டையில் பட்ட கத்திவெட்டு என்று கல்யாணத்தன்றே அவளிடம் சொல்லிவைத்த தழும்பு.

“கத்தி இல்லட்டி, ஜெஸி” என்றான். “அண்ணாச்சி சொன்ன மேசையாக்கும்.”