ரேடியேட்டரில் ரசவாடை

வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத அந்தப் பழைய பச்சைக் கார் மலைப்பாதையில் கொதித்து நின்றது. அடியில் மஞ்சளாக ஒழுகிய தண்ணீரில் ரசவாடை அடித்தது. ஜெயசீலன் அதைப் படமெடுத்து, தான் பல வருடமாக இருக்கும் கார்க்காரர்கள் குழுவில் போட்டான். "எந்தப் பாவி பார்த்த வேலைங்க இது?"

உடனே ஒரு பதில் வந்தது. "ரேடியேட்டர் ஓட்டையை மஞ்சத்தூள் போட்டு அடைச்சு உங்க தலையில கட்டிட்டான் சார். விடாதீங்க அவனை!"

ரத்தம் தலைக்கேற, விற்றவனின் பெயரைக் குழுவில் தேடினான். போன வருடப் பதிவு ஒன்று வந்தது. அதே பச்சைக் கார். 'ரேடியேட்டர் ஒழுகுது, வண்டியை விக்கணும். செலவில்லாம வழி இருக்கா?'

கீழே ஒரே ஒரு பதில். 'ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்க பாஸ். விக்கிற வரைக்கும் தாங்கும். அப்புறம் வாங்கினவன் பாடு.' எழுதியவன் பெயர் ஜெயசீலன் என்றிருந்தது; பக்கத்தில் அவனுடைய படமேதான். அதற்கடியில், 'நன்றிண்ணே, மறக்கவே மாட்டேன்.'

கையில் போன் மறுபடி அதிர்ந்தது. குழு அடங்குவதாயில்லை.

"வித்தவனை அப்புறம் பாத்துக்கலாம் சார். அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் எவன்? முதல்ல அவன் பேரைப் போடுங்க."