திரைக்கு உள்ளே ஒரு தோழர்

கடலில் பாலம் கட்ட அடிமண்ணைத் தோண்டினார்கள். கிளம்பிய சேறு சிப்பிகளின் மூச்சை அடைத்தது. அவை வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன. நண்டு மட்டும் தோண்டும் இயந்திரத்தின் காலடியிலேயே குந்தி, கொடுக்கை உயர்த்தி முழங்கியது: "மிதவைத் திரை கட்டு! சேற்றைத் தடுத்து நிறுத்து!"

ஒருவழியாகக் கட்டினார்கள். மேலே மஞ்சள் மிதவைகள் ஆட, அவற்றில் தொங்கிய துணி தரைவரை இறங்கி இயந்திரத்தைச் சுற்றி வளைத்தது. வெளியே தண்ணீர் தெளிந்தது. நண்டு சேற்றோடு உள்ளே மாட்டிக்கொண்டது.

வெற்றிக் கூத்து ஆடி முடித்த பிறகுதான் அதற்கு அது உறைத்தது. துணியின் ஓரத்தைக் கொடுக்கால் தூக்கியது.

"யாரப்பா அது? சேறு வருது!" என்று அலறியது வெளியே ஒரு சிப்பி.

"நான்தான், நண்டு. வெளியே வரணும்."

"அடடே, தோழரா! தூக்காதீங்க. எங்க பிள்ளைங்க இப்பத்தான் வாயைத் திறந்து சாப்பிடுதுங்க."

நண்டு ஓரத்தை மெல்லக் கீழே விட்டது.

"சரி, வெற்றிக் கூட்டம் எப்போ?"

"நேத்தே முடிஞ்சுது. திரைக்குப் பாசி மாலை போட்டோம்."

"என்னைப் பத்தி யாரும் பேசலையா?"

"பேசாம இருப்பமா? அவர் போடுற சத்தம் இல்லாம இப்ப நிம்மதியா இருக்குன்னு எல்லாருமே சொன்னாங்க."