நூறு வாட்ஸ்

"சின்ன ஆம்ப்ளிஃபயர் வேணாங்க. டிரம்ஸையே அமுக்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

பரணிதரன் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார்.

"குரூப்ல எத்தனை பேர் சார்?"

"நாலு பேர். ஆனா டிரம்ஸ் அடிக்கிறவர் ஒருத்தரே நாப்பது பேருக்குச் சமம். என் கிடார் எனக்கே கேக்க மாட்டேங்குது."

பரணிக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிடார். சங்கரி பாடுவாள், விஷால் கீபோர்டு, கோவளத்து அப்துல் அஹத் டிரம்ஸ். கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா என்று அந்தப் பக்கத்தில் அவர்கள் ஏறாத மேடை குறைவு.

போன வருஷம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. ரோட்டில் கிடந்த மணலில் பரணியின் பைக் சறுக்கி, இடது கை மோதிர விரல் முறிந்தது. கட்டுப் பிரித்து, டாக்டரும் சரியாகிவிட்டது என்று சொல்லி, அவன் திரும்பி வந்தபோது அஹத் வேறு ஆளாக மாறியிருந்தார்.

அடி என்றால் அப்படி ஓர் அடி. அதுவும் கிடார் தனியாக வரும் இடம் பார்த்து.

"நேரா கேட்டுடுங்களேன்" என்று முந்தின நாள் ராத்திரி சொன்னாள் மனைவி லதா.

"கேட்டேன். 'கை அப்புடித்தான் வுழுதுப்பா, இன்னா பண்றது'ன்னு சிரிக்கிறாரு. நான் இல்லாத நேரத்துல மேடை மொத்தமும் தனக்குன்னு பழகிட்டாரு, லதா. அவ்வளவுதான்."

கடைக்காரர் இப்போது மூன்று ஆம்ப்களைக் காட்டினார்.

"முப்பது வாட்ஸ் வீட்டுக்கு. மேடைக்கு அறுபது தாராளம் சார்."

"அது?"

"அது நூறு. விரல் நகர்ற சத்தம்கூடக் கேக்கும்."

"அதைக் குடுங்க."

அடுத்த ஞாயிறு காலை சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் குடும்ப விழா. இது நன்றாக அமைந்தால் மற்ற விழாக்களுக்கும் நீங்கள்தான் என்று சொல்லியிருந்தார், விழாப் பொறுப்பாளர் ராமானுஜம்.

ஆம்பைப் பார்த்ததும் அஹதின் முகம் மாறியது.

"இன்னா பரணி, இவ்ளோ பெருசு?"

"உங்களுக்கு ஈடு குடுக்கணுமே, பாய்."

"பாதி வச்சாப் போதும்ப்பா. சொன்னாக் கேளு."

"ஏன், என் கிடார் நாலு பேருக்குக் கேட்டா உங்களுக்கு உறுத்துதா?"

அஹத் போய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு பாட்டும் தப்பித்தன. மூன்றாவது பாட்டில் கிடார் மட்டும் தனியாக வரும் இடம். பரணி ஆம்பின் திருகை முழுசாகத் திருப்பினான்.

அஹத் அடித்தார். இதுவரை அப்படி அடித்ததே இல்லை. மேடைப் பலகை அதிர்ந்தது. ஆனாலும் இந்தத் தடவை கிடார்தான் மேலே நின்றது.

திடீரென்று எங்கோ பிசகியது. சங்கரி எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தாள். விஷாலின் கை நின்றது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாட்டு பாதியில் அறுந்தது.

ராமானுஜம் மேடைக்கே வந்துவிட்டார். "யாருங்க தப்பு பண்ணது?"

அஹத் எழுந்து நின்றார்.

"நான்தான் சார். தாளத்தை வுட்டுட்டேன். அதுல மத்தவங்களும் தடுமாறிட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

"இனிமே உங்க குரூப்பைக் கூப்பிட முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மேடைக்குப் பின்னால் வந்ததும் பரணி வெடித்தான்.

"இப்போ திருப்தியா பாய்? என்னை அமுக்கணும்னு அடிச்சு அடிச்சு எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போட்டுட்டீங்க. இனிமே நீங்க ஏறுற மேடையில நான் ஏற மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் ஒத்து வராது."

சங்கரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அஹத் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, "சரிப்பா, உன் இஷ்டம்" என்றார்.

பெரிய டிரம்மை இடது கையால் மட்டும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். வலது கை மேலே எழும்பவே இல்லை.

வெளியே மருந்துக் கடைக்குப் போயிருந்த அவர் மனைவி ஜஹனாரா, கையில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அண்ணே, நீங்களாவது அவருக்குச் சொல்லக்கூடாதா? தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு, மெதுவா அடிங்கன்னு டாக்டர் தலப்பாடா அடிச்சுக்கினாரு. கேட்டாத்தானே?"

"அப்புறம் ஏன் இப்படி அடிக்கிறாரு?" என்றான் பரணி. குரலில் கோபம் இன்னும் தணியவில்லை.

அவள் தயங்கினாள். வேன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாரு. 'பரணிக்கு அந்த வெரலு இன்னும் தப்பாத்தான் வுழுது. அது அவனுக்கே தெரியல. தெரிஞ்சா கிடாரையே தொட மாட்டான். சரியாவுற வரிக்கும் அந்த எடத்துல நான் சத்தமா அடிச்சுக்கினு போறேன், யாருக்கும் கேக்காது'ன்னு சொல்றாருண்ணே."