மூக்குத்தி வைத்த மூக்கு

படகு எழுந்து தாழ்ந்தது. அவள் காத்திருந்தாள்.

தலை சுற்றவில்லை.

இன்னும் பெரிய அலை வந்தது. படகு ஒருக்களித்தது. வயிறு பேசாமல் இருந்தது.

கண்ணில் மாட்டியிருந்த கருவிக்குள்தான் கடல். உடம்பு கோவை காந்திபுரத்தில், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியின் மாடியில், நாற்காலியில் இருந்தது.

ஊட்டி பஸ்ஸில் முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பவள் என்று தெரிந்துதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். விளையாடுகிறவர்களுக்கு ஏன் குமட்டுகிறது என்று கண்டுபிடிக்க, குமட்டுகிற ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. யாருக்கும் வாய்க்காத உத்தியோகம்.

விளையாட்டைச் செய்கிற மிதுன் என்னென்னவோ முயன்றான். முகத்துக்கு நேரே மின்விசிறி வைத்தான். காட்சியின் ஓரங்களை இருட்டாக்கினான். எதுவும் பலிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றி, தண்ணீர் கொடுத்து, அவளுக்குச் சரியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பான்.

கணவர் போன பிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இன்று காட்சிக்குள் புதிதாக ஒரு மூக்கு வைத்திருந்தான். கடல் எவ்வளவு ஆடினாலும், பார்வைக்கு நடுவில் ஆடாமல் நிற்கிற மூக்கு. கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமாம். வரைய ஒரு வாரம் ஆனதாம்.

அவளுடைய மூக்கேதான். வலது பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்திகூட இருந்தது.

எப்போது இவ்வளவு கவனித்தான்? அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

"பத்துக்கு எத்தனைங்க்கா?"

எப்போதும் கேட்பதுதான். குமட்டல் எவ்வளவு என்று அவள் ஓர் எண் சொல்ல வேண்டும்.

பூஜ்யம் என்று சொன்னால் அவன் துள்ளிக் குதிப்பான். வேலை முடிந்துவிடும். நாளை அவள் வர வேண்டியதில்லை.

ஆளில்லாத வீட்டை நினைத்துக்கொண்டாள்.

"ஏழு" என்றாள்.

கருவி கழன்றது. தண்ணீர் வந்தது. மிதுன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனாலும் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டான்.

இட்லி என்றாள். தண்ணீரை மெதுவாகக் குடித்தாள்.

அவன் லேப்டாப்பை மடிக்கு இழுத்தான்.

"மூக்கும் வேலைக்காகலைங்க்கா. அழிச்சுடறேன்."

திரையில் அவள் மூக்கு மட்டும் தனியாக நின்றது. நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் அவனைக் கேட்டது.

அவள் வாய் நிறையத் தண்ணீரை விழுங்காமல் வைத்திருந்தாள்.