மாப்பிள்ளைக் கொக்கு

பூலாம்பாடி பஸ் வந்து நிற்கிற வரைக்கும் கண்ணகிக்கு இருப்புக் கொள்ளாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வறுகடலை விற்கிற கலியம்மாளின் குடையோரமாக நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்ப்பாள்.

இதோ, இறங்கிவிட்டான்! கையில் டிபன் பாக்ஸ், தரையைப் பெருக்குகிற பெல்பாட்டம். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரன் குருநாதன் முன்னால் போக, பத்தடி தள்ளி இவள் பின்னால். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ளும்.

காதல் கீதல் என்று நினைத்துவிடாதீர்கள். இவளுக்கு வேண்டியது அவனுடைய நடை மட்டும்தான்.

கண்ணகி மெட்ராசில் கார்ட்டூன் படம் வரையப் படிக்கிற பெண். கடைசி வருசத்துக்கு ஒரு குட்டிப் படம் செய்து காட்ட வேண்டும். கதை இவ்வளவுதான்: ரஞ்சன்குடிக் கோட்டையில் குடியிருக்கிற ஒரு கொக்கு, சிங்காரித்துக்கொண்டு பெண் பார்க்கப் புறப்படுகிறது. கோட்டை, அகழி, மதில் மேல் விழுகிற வெயில் எல்லாம் பிரமாதமாக வந்துவிட்டன.

"கோட்டை ஜோரா நிக்குதும்மா. ஆனா கொக்கும் சேந்து நிக்குதே!" என்றார் வாத்தியார். "லீவு முடிஞ்சு வரும்போது அத நடக்க வச்சுக் கொண்டா. இல்லாட்டி இன்னொரு வருசம் இருந்து படி."

இன்னொரு வருசமா? குரும்பலூரில் வெங்காயம் போட்டுப் படிக்கவைக்கிற அப்பா பழனிவேல் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். "பெயிலு கியிலுன்னு வந்து நின்னே, படிச்சது போதும்னு மூட்டை கட்டிடுவேன்."

பாவம், வீட்டுச் சேவலை விரட்டி விரட்டி வரைந்து பார்த்தாள். ஏரிக்கரையில் போய் அசல் கொக்கையே பார்த்தாள். அதற்கு மீன் பிடிக்கத்தான் தெரிந்தது, பெண் பார்க்கப் போகிற வெட்கம் தெரியவில்லை.

அப்போதுதான் குருநாதன் கண்ணில் பட்டான். இவள் கடலை வாங்கிக்கொண்டு நிற்கையில், கடலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். அடேயப்பா, அது என்ன நடை! கழுத்தை நீட்டி, முழங்காலைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, முள்ளில் வைக்கிற மாதிரி பாதத்தை வைத்து... நடுநடுவே சட்டைக் காலரை வேறு இழுத்துவிட்டுக்கொள்கிறான்! சாட்சாத் மாப்பிள்ளைக் கொக்கு!

அன்றைக்குப் பிடித்தவள்தான், விடவில்லை. தினமும் பின்னாலேயே போய்த் தாள் தாளாக வரைந்து தள்ளினாள். ஒருநாள் வெயிலுக்குப் பயந்து, நிற்கிற பஸ்சுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வரையலாமென்று பார்த்தாள். அன்றைக்கென்று பார்த்து மனுசன் எல்லாரையும் போலச் சரக் சரக்கென்று நடந்து தொலைத்தான். உடம்புக்கு முடியலை போலிருக்கு என்று இவளும் விட்டுவிட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெங்காய மூட்டை ஏற்ற வந்த பழனிவேலிடம் கலியம்மாள் போட்டு உடைத்துவிட்டாள்.

"அண்ணே, ஒங்க பொண்ணு தெனமும் அந்த மோட்டார் கடைத் தம்பி பின்னாடியே போவுது. நல்ல நாளாப் பாத்து முடிச்சு வுட்டுருங்க."

பழனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய் நின்றார்.

"ஏந்தம்பி, எம்பொண்ணு எதுக்கு ஒம் பின்னாடி சுத்துது?"

குருநாதன் கையிலிருந்த செம்புக் கம்பி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தான்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுப்பா! படத்துக்காக அவரு நடையத்தான் பாத்தேன். இந்தா பாருங்க!"

கண்ணகி பையிலிருந்து தாள்கட்டை எடுத்துக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டாள். கொக்கு நடந்தது! கழுத்தை நீட்டி, காலைத் தூக்கி, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தது!

"அட! இன்னொருக்கா வுடு புள்ள." மூன்றாம் தடவை பார்க்கும்போது பழனிவேலுக்குச் சிரிப்பில் துண்டே நழுவிவிட்டது. "கொக்குக்கா இம்புட்டுக் கூத்து? நான் என்னமோ ஏதோன்னு ஓடியாந்தேன். எங்க தம்பி, நீயும் நடந்து காட்டு, அசலையும் பாத்துருவோம். நீ இங்கயே நில்லும்மா. நீ எப்புடிப் போவியோ அப்புடியே நான் பின்னாடி போறேன்."

குருநாதன் டீக்கடை வரைக்கும் நடந்தான். முறுக்கு மீசையும் துண்டுமாகப் பத்தடி தள்ளிப் பழனிவேல். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சரக் சரக் சரக்.

பழனிவேலின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "எங்க புள்ள கொக்கு? இது ஊருல எல்லாரும் நடக்குற நடைதான? அப்பன் காதுலயே பூ சுத்துறியா? படிப்பு கிடிப்பு எல்லாம் இன்னையோட சரி!"

கண்ணகிக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னங்க இது, அந்த நடை எங்க போச்சு? ஒரே ஒரு தடவ நடந்து காட்டுங்க. இல்லாட்டி என் படிப்பே போயிடுமுங்க!"

குருநாதன் பழனிவேலின் மீசையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். காது ரெண்டும் செவேலென்று சிவந்துபோக, கண்ணகி பக்கம் திரும்பினான்.

"நீங்க பின்னாடி வந்தாத்தாங்க அந்த நடை வரும்."