கோட்டுக்கு நீண்ட கைகள்

எல்லை ஆற்றை ஒட்டிய சத்திரத்தில் மழைநாளின் வெளிச்சம் மேசைமேல் சாம்பலாகக் கிடக்கிறது. பொத்தான் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் கெர்சாக் பிரபு முட்டைக்கோஸ் சூப்பை உறிஞ்சிக் குடிக்கிறார். அந்தச் சத்தத்தைப் பல நாள் பழகியிருக்கிறார். நகங்களில் அழுக்கு, முகத்தில் தாடி, காலில் மரச்செருப்பு, எல்லாம் கச்சிதம். பாரிசில் தம்பியின் தலை போய்விட்டது. ஆற்றைத் தாண்டிவிட்டால் இவருடையது தங்கும். "வியாபாரம் எப்படிண்ணே?" என்கிறான் புரட்சிப் படைக் காவலன் தியெபோ. "எங்க? பிரபுக்களையெல்லாம் வெட்டிட்டீங்க, பொத்தானை யாருக்கு விக்கிறது?" சத்திரக்காரி பெரீன் வாய்விட்டுச் சிரிக்கிறாள். தியெபோவும் சிரித்துக்கொண்டே, "சரி, கெளம்புண்ணே. படகு போயிடப்போவுது" என்கிறான். பிரபு எழுகிறார். அடுப்பருகே காயும் தன் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் லேசாகப் பின்னால் நீட்டிக் காத்திருக்கிறார். பெரீனின் சிரிப்பு நின்றுபோகிறது. தியெபோ கோட்டை எடுத்துவந்து, பழகிய வேலைக்காரனின் பொறுமையோடு ஒவ்வொரு கையாக நுழைத்துவிடுகிறான். "போட்டுக்குங்க, பிரபு." தோள்பட்டையை நீவிச் சரிசெய்த கை, காலரை விடவில்லை.